கொட்டாத கூட்டம்

மாய் அவ்லி கிராமம்
திர் மாதம் 20

என் அருமை லெதாய்க்கு,

அக்கா அப்ரெஹெத் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரி தூக்கம் வருகிறதா? அந்தக் கடற்கரை ஊரின் குளிர் உன் நெஞ்சுச் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முதுகுவலி மட்டும் விட்டுப் போவதாக இல்லை. அதையும் சேர்த்தே கடவுளுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். மாடு நலம். பக்கத்து வீட்டு மெத்ஹினும் நலம், அவள் வாய் அவளைவிட நலம்.

நீ பாட்டுக்கு வீட்டுவேலைக்கென்று பெய்ரூட்டுக்கு விமானம் ஏறிவிட்டாய். இரண்டு தேனீப் பெட்டிகளையும் என் தலையில் கட்டிவிட்டாய். தேனீ என்றாலே முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடுகிறவள் நான். உனக்குத் தெரியாதா? நேற்று மரத்தடிப் பெட்டியின் பக்கமாகச் சுள்ளி பொறுக்கப் போனேன், ஒன்று காதில் கொட்டிவிட்டது. காது இன்னும் அப்பம்போல் இருக்கிறது.

நீ வேளாண்மை ஆபீஸ்காரர்களிடம் பயிற்சிக்குப் போன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த அதிகாரி, "தேனீ வளர்ப்பு ஆம்பளைங்க வேலைம்மா, பொம்பளைங்க கிட்ட வந்தா பூச்சி மிரளும்"னு சொன்னானே. நீ சும்மா இருந்தாயா? "ஐயா, அந்தப் பெட்டிக்குள்ள வேலை பாக்கறது பூராவும் பொம்பளைங்க. ஆம்பளைத் தேனீ உக்காந்து திங்கறதோட சரி. வீட்டு நடப்பும் அப்படித்தானே?" என்று கூட்டத்தின் நடுவில் கேட்டாய். ஊரே சிரித்தது. அந்த வாய் இங்கே இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அறுப்பு முடிந்து வயலில் ஒரு பூ இல்லை. மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம். நீ வாங்கி வைத்த சர்க்கரை பரணில் அப்படியே இருக்கிறது. "காலம் பாத்துப் பாகு ஊட்டு"ன்னு சொல்லிட்டுப் போனியே, அது எந்தக் காலம்? இப்போதா, அப்புறமா? மெத்ஹின் அந்தச் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். "பூச்சிக்குச் சர்க்கரைப் பாகு, பக்கத்து வீட்டுக்காரிக்கு உப்புப் போட்ட காப்பி. நல்லா இருக்குடி உங்க நியாயம்" என்கிறாள்.

இரண்டு பெட்டி ஆறாக வேண்டும், உன் ஒப்பந்தம் முடிந்து வரும்போது நாம் இருவரும் தேனை வைத்தே பிழைக்க வேண்டும், இனி யாரும் யார் வீட்டிலும் போய்ப் பாத்திரம் தேய்க்கக் கூடாது. நீ சொன்னதுதான். அதனால் கேட்கிறேன், சரியாகச் சொல்.

அங்கே என்ன சாப்பிடுகிறாய்? நம் இஞ்சேரா அப்பம் கிடைக்கிறதா?

உன்னைக் கன்னத்தில் முத்தமிடும்,
அக்கா

*

பெய்ரூட்
யெகாதித் மாதம் 15

அன்பு அக்காவுக்கு,

லெதாயின் வணக்கம். முதுகுக்கு எண்ணெய் தேய்த்தாயா? காது வற்றியதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, கடவுளுக்கு நன்றி.

உன் கடிதத்தை அல்கனேஷ் ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் கொடுத்தாள். நம் அத்வா ஊர்ப் பக்கத்துப் பெண். எங்களுக்கு நேர் மேல்மாடியில் வேலை செய்கிறாள். அவளுடைய வீட்டுக்காரர்கள் அவளை ஞாயிறு கோயிலுக்கு விடுகிறார்கள். இனியும் அவள் பெயருக்கே எழுது. எங்கள் வீட்டு எஜமானி மதாமுக்கு வீட்டுக்குக் கடிதம் வருவது பிடிக்காது. மற்றபடி நல்லவள்தான்.

பாகு விஷயம். அவசரப்படாதே அக்கா. கூட்டில் தேன் இருக்கும்போது பாகு கொடுத்தால் தேனடையெல்லாம் சர்க்கரையாகிவிடும், நம் வெள்ளைத் தேனுக்கு அது கேவலம். தாமதித்தாலோ கூட்டமே போய்விடும். ஆகவே பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார். தண்ணீர் நிறைந்த குடம்போல் கையை இழுத்தால் விட்டுவிடு. வெறுங்குடம்போல் மேலே வந்தால் அன்று பொழுது சாய்ந்ததும் ஊட்டு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சர்க்கரையைக் கரைக்க வேண்டும். தட்டில் ஊற்றி மேலே வைக்கோல் போடு, இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். பகலில் ஊட்டாதே. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாதே. வாசனை பிடித்து அடுத்தவன் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வரும். வாசலை ஒரு தேனீ நுழையும் அளவுக்கு அடைத்து வை.

தூக்கிப் பார்ப்பதுதான் முக்கியம். கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்யாதே.

இங்கே தினமும் சமையல். திராட்சை இலையில் சோறும் கறியும் வைத்துச் சுருட்டுகிறோம், ஒவ்வொன்றும் விரல் கனம். கத்தரிக்காயைச் சுட்டு மசித்து எள் அரைத்துவிட்டுக் கலக்கிறோம். விருந்தாளிகள் வந்தால் நாள் முழுக்க அடுப்படிதான். பெருநோன்பு தொடங்கிவிட்டது, நானும் பிடிக்கிறேன்.

மெத்ஹினுக்கு ஒரு கரண்டி சர்க்கரை கொடுத்துவிடு, பாவம்.

உன் தங்கை,
லெதாய்

*

மாய் அவ்லி
மெகாபித் மாதம் 10

என் செல்லம் லெதாய்க்கு,

நலமா? நோன்பில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். நாங்களும் நோன்பில்தான் இருக்கிறோம். பூசை முடிந்து பிற்பகலில்தான் அடுப்பு மூட்டுகிறேன். அதுவரை வயிறு உறுமும், அப்புறம் அதுவும் அலுத்துப்போய்ச் சும்மா இருந்துவிடும்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. தேனீக்கள் என்னிடம் பழகிவிட்டன! சுவரோரப் பெட்டி இருக்கிறதே, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பயறு புடைக்கிறேன், ஒன்றும் செய்வதில்லை. போன வாரம் தைரியமாகப் புகைகூடப் போடாமல் மூடியைத் திறந்தேன். பறக்கவில்லை, கொட்டவில்லை. அடை தாங்கும் சட்டத்தின் மேல் மெல்ல நடந்துகொண்டிருந்தன, பூசையில் நிற்கிற கிழவிகள் மாதிரி. மூடிவிட்டு வந்து மெத்ஹினிடம் பெருமையடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள். "அதுங்களும் நோன்பு புடிக்குதுடி. கோயில் மெழுகுவத்திக்கு மெழுகு தர்ற ஜீவன் இல்லையா? பெருநோன்புல அடங்கித்தான் கெடக்கும். எங்கப்பன் பெட்டியிலயும் இப்படித்தான். நீ இப்பப் போயி சர்க்கரை ஊட்டி நோன்பைக் கெடுத்து வைக்காத" என்றாள். எனக்கும் சரியென்று பட்டது. நோன்பு முடிந்து உயிர்ப்புத் திருநாள் வரட்டும், அன்றைக்கு எல்லாரோடும் சேர்த்து அவற்றுக்கும் விருந்து வைக்கிறேன்.

பெட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. முதுகு இருக்கிற லட்சணத்தில் அது வேறா? மரத்தடிப் பெட்டி மட்டும் இன்னும் முரட்டுத்தனம், கிட்டே விடுவதில்லை. அதற்கு நோன்பு கிடையாது போலிருக்கிறது.

நீ சமைப்பதையெல்லாம் எழுதினாய். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேனே, அதை எழுதவில்லை. கறி நிறைய இருக்கிற வீட்டில் நோன்பு பிடிப்பது கஷ்டம்தான். மனதைத் திடப்படுத்திக்கொள்.

உன் வருகைக்கு நாள் பார்த்திருக்கும்,
அக்கா

*

பெய்ரூட்
மெகாபித் மாதம் 29

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே பாகு ஊட்டு. நோன்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கொட்டவில்லை என்றால் அடங்கிப்போனது என்று நினைக்காதே. கொட்டுவதற்குத் தெம்பு வேண்டும் அக்கா. பசியில் இருக்கிற கூட்டம் கோபப்படாது. மூடியைத் திறந்தாலும் ஏன் திறந்தாய் என்று கேட்காது. சத்தம் குறைந்துபோகும். நடக்கும், ஆனால் எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு ரொம்ப சாதுவாகத் தெரியும். பாராட்டக்கூடச் செய்வார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் முடிந்திருக்கும்.

முதலில் நீர்க்க ஊட்டு. கொஞ்சம்தான். பட்டினி கிடந்ததற்கு ஒரேயடியாக ஊற்றாதே. மறுநாளும் அதே அளவு, அப்புறம் கெட்டியாக.

அல்கனேஷ் கீழே காத்திருக்கிறாள். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

லெதாய்

*

மாய் அவ்லி
மியாசியா மாதம் 18

என் லெதாய்க்கு,

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். என்னைப் பற்றி விசாரிக்காதே, நான் இந்தக் கடிதத்தை எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

உன் கடிதம் உயிர்ப்புத் திருநாள் முடிந்து வந்தது. அதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். திருநாள் அன்று விடியற்காலையில் கோயிலிலிருந்து வந்ததும் நேரே பாகு காய்ச்சினேன். சொன்னபடி விருந்து வைக்க வேண்டும் என்று ஆசை. சாயங்காலம் வரை பொறுத்திருந்து சுவரோரப் பெட்டியைத் திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் அடையில்தான் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அறைக்குள் தலையை விட்டபடி, பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய, வரிசை வரிசையாக. அறையின் அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று நக்கிப் பார்த்துக்கொண்டே செத்திருக்கின்றன. பெட்டியை அப்போதுதான் தூக்கினேன். ஒரு விரலில் வந்துவிட்டது.

கையில் பாகுத் தட்டோடு அப்படியே நின்றேன். மெத்ஹின் வந்து பார்த்தாள். "என் வாயில மண்ணைப் போட" என்று அழுதுவிட்டாள். அவளை என்ன சொல்ல? தூக்கிப் பார் என்று நீ எனக்குத்தானே எழுதியிருந்தாய்.

அதே தட்டை மரத்தடிப் பெட்டிக்குக் கொண்டுபோனேன். அதுவும் லேசாகத்தான் இருந்தது, உயிர் இருந்தது. நீர்க்கக் கரைத்து வைத்தேன். முதலில் ஒன்று வந்து வைக்கோலில் உட்கார்ந்து நாக்கை நீட்டியது. பிறகு பத்து, பிறகு தட்டே தெரியவில்லை. காலையில் தட்டு கழுவி வைத்த மாதிரி இருந்தது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டுகிறேன். சப்பாத்திக்கள்ளியும் பூக்கத் தொடங்கியிருக்கிறது. பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

ஆறு பெட்டி என்று கனவு கண்டாய். ஒன்றில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். திட்டி எழுது. நீ திட்டினால்தான் எனக்கு ஆறும்.

என்ன சாப்பிடுகிறாய் என்று மூன்றாவது கடிதமாகக் கேட்கிறேன்.

அக்கா

*

பெய்ரூட்
கின்போத் மாதம் 10

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? நானும் நலம், கடவுளுக்கு நன்றி.

அழாதே. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. போனது போகட்டும். ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள். ஒன்று போதும்.

இங்கே வெயில் வந்துவிட்டது. வீட்டில் கம்பளங்களை எடுத்துச் சுருட்டி, துவைத்து, மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்க் காயப்போட்டேன். ஏழு மாடி. லிஃப்டில் கொண்டுபோகக் கூடாதாம், அழுக்காகுமாம். நடுவில் இரண்டு தடவை படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் வேலை ஒன்றும் அதிகமில்லை. நோன்பு என்பதால் மத்தியானம் வரைக்கும் எதுவும் சாப்பிடுவதில்லை, அதனால் கொஞ்சம் கண்ணைக் கட்டுகிறது. பழகிவிட்டது. நீ எழுதினாயே, வயிறு அலுத்துப்போய்ச் சும்மா இருந்துவிடும் என்று, அப்படித்தான்.

மதாம் இப்போது என்மேல் பிரியமாக இருக்கிறாள். விருந்தாளிகளிடம், "வந்த புதுசுல என்ன வாய் பேசினா தெரியுமா? இப்பப் பாருங்க, வீட்ல இருக்கறதே தெரியாது. தங்கமான பொண்ணா மாறிட்டா" என்று சொன்னாள். நான் அவர்களுக்கு இனிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். பிஸ்தாப் பருப்பு தூவிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. தட்டைக் கழுவும்போது உன் வைக்கோல் தட்டு நினைவு வந்தது.

தூக்கம் வருகிறது அக்கா. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

லெதாய்

*

மாய் அவ்லி
கின்போத் மாதம் 30

சகோதரி அல்கனேஷுக்கு,

முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன். நான் லெதாயின் அக்கா அப்ரெஹெத். நீயும் உன் அத்வா வீட்டாரும் நலமாக இருக்கக் கடவுள் அருளட்டும். இத்தனை நாள் எங்கள் கடிதங்களைச் சுமந்தாயே, உன் கால்களுக்குப் புண்ணியம். இந்த ஒரு கடிதம் மட்டும் உனக்கே. அவளிடம் காட்டாதே.

என் தங்கை நோன்பு பிடிப்பதாக எழுதியிருக்கிறாள். கடிதத்தில் தேதி கின்போத் பத்து. நான் இரண்டு முறை படித்துவிட்டு ஒன்றும் உறைக்காமல் மடித்து வைத்துவிட்டேன். பிறகு மெத்ஹினுக்கு, அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, படித்துக் காட்டினேன். அவள் பாதியில் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்த நோன்புடி இது?"

"நோன்புன்னு எழுதியிருக்கா."

"அதான் எந்த நோன்பு? உயிர்ப்புத் திருநாளுக்கு அப்புறம் அம்பது நாளுக்கு ஏதுடி நோன்பு? புதன் கிடையாது, வெள்ளி கிடையாது. மலைமேல இருக்கற சாமியாருங்களே உக்காந்து சாப்பிடுவாங்க. உன் தங்கச்சிக்கு அது தெரியாதா?"

தெரியும். சிறுபிள்ளையில் அந்த ஐம்பது நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பாள். தெரிந்தும் எழுதியிருக்கிறாள் என்றால் நினைவு தப்பியிருக்கிறது, அல்லது பொய் சொல்கிறாள். இரண்டுமே எனக்கு ஒன்றுதான்.

அவளுடைய எல்லாக் கடிதங்களையும் எடுத்து மறுபடி படித்தேன். என்ன சமைத்தாள் என்பது இருக்கிறது. என்ன சாப்பிட்டாள் என்பது ஒன்றில்கூட இல்லை. வீட்டில் இருப்பதே தெரியவில்லை என்று அந்த மதாம் மெச்சுகிறாளாம். அல்கனேஷ், என் தங்கை வீட்டில் இருப்பது அடுத்த ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு. கொட்டாத கூட்டம் சாதுவான கூட்டம் இல்லை என்று எனக்கு எழுதியவளே அவள்தான். அப்போதே அவளுக்கு எப்படித் தெரிந்தது, பசித்த தேனீக்கு உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று? நான் அதைக் கேட்கவே இல்லை. தேனீயைப் பற்றி எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெட்டியை இப்படித்தான் கைவிட்டேன். இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

நான் இங்கிருந்து கை நீட்டினால் அவளுக்கு எட்டாது. உனக்கு எட்டும். அவளுக்கு ஊட்டு அம்மா. பொழுது சாய்ந்த பிறகு, அந்த வீட்டார் கண்ணில் படாமல், ஒரு துணுக்குகூடச் சிந்தாமல். முதலில் கொஞ்சமாக, நீர்க்க. எடுத்த எடுப்பில் கெட்டியாகக் கொடுத்தால் வயிறு தாங்காது. தேநீரில் சர்க்கரை நிறையப் போடு. வேண்டாம் என்பாள், கேட்காதே.

உன் தாய் வயிறு குளிரட்டும்.

அப்ரெஹெத்

*

பெய்ரூட்
செனே மாதம் 20

அப்ரெஹெத் அக்காவுக்கு,

அல்கனேஷின் வணக்கம். நீங்களும் முதுகும் நலமா? உங்கள் முதுகைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், லெதாய் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் எல்லாரும் நலம்.

உங்கள் கடிதம் படித்து எனக்கு வெட்கமாகிவிட்டது. மாடிப்படியில் அவளை வாராவாரம் பார்க்கிறேன். "என்னடி இப்படி இளைச்சுட்ட?"ன்னு கேட்டா "நோன்பு"ன்னுவா. நானும் தலையாட்டிட்டுப் போயிடுவேன். எனக்கும் கணக்கு உறைக்கவில்லை பாருங்கள். இந்த ஊரில் எது எந்த மாதம் என்றே மறந்துபோகிறது.

கடிதம் வந்த அன்று அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மேலிருந்து குனிந்து, "ஏய், காலைலேர்ந்து என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

"நோன்பு அல்கனேஷ்."

"எந்த நோன்புடி? பேரைச் சொல்லு பாப்போம்."

அவள் கையில் இருந்த ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. குளிர்பெட்டிக்குப் பூட்டாம். மதாம் ரொட்டியை எண்ணி வைக்கிறாளாம். வீட்டார் சாப்பிட்டு மிச்சம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதைவிட மோசம் என்ன தெரியுமா? "அக்காவுக்கு எழுதிடாதே. ரெண்டு வருஷம்தான், தாங்கிடுவேன். அங்க பெட்டி ஆறு ஆகணும்" என்கிறாள்.

இந்த ஊரில் மேல்மாடிக்காரர்கள் கடைக்காரனிடம் காய்கறி வாங்கக் கூடையில் கயிறு கட்டித் தெருவுக்கு இறக்குவார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அவளுடைய மதாம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவாள், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். நான் கூடையை இறக்குகிறேன், தெருவுக்கு இல்லை, ஒரு மாடி மட்டும். முதல் நாள் சர்க்கரைத் தேநீரும் பாதி ரொட்டியும். நீங்கள் எழுதிய மாதிரியே, நீர்க்க. அதற்கே வாந்தி எடுத்தாள். மறுநாள் தங்கியது. இப்போது கொண்டைக்கடலை, தயிர், முட்டை எல்லாம் இறங்குகிறது. என் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நேற்று அவளே கூடை பக்கத்தில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

கூடை இறங்கும்போது அவள் பார்க்கிற பார்வையை நான் எழுத மாட்டேன் அக்கா.

அல்கனேஷ்

*

மாய் அவ்லி
ஹம்லே மாதம் 15

லெதாய்,

உடம்பு எப்படி என்று கேட்க மாட்டேன். நலம் என்று எழுதுவாய். இனிமேல் அந்த வார்த்தையை உன்னிடம் நம்புவதாக இல்லை.

எல்லாம் தெரியும். அல்கனேஷைத் திட்டாதே, நான்தான் அவளைக் கேட்டேன்.

இங்கே விடாத மழை. பூ கிடையாது, தேனீக்குப் பறக்கவும் முடியாது. மரத்தடிப் பெட்டியைத் தினமும் தூக்கிப் பார்க்கிறேன், இப்போதெல்லாம் முதுகை ஒரு பேச்சுக்குக்கூடச் சாக்கு சொல்வதில்லை. லேசானால் ஊட்டுகிறேன். சர்க்கரை தீரப்போகிறது என்று மெத்ஹினிடம் சொன்னேன். அவள் தன் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் உப்புக் காப்பியே குடிச்சுக்கறேன், எனக்குப் பழக்கம்தான்" என்றாள்.

முந்தாநாள் தட்டை வைக்கும்போது மூடி கைதவறி விழுந்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கிளம்பி வந்தது. நெற்றியில் ஒன்று, இமையில் ஒன்று, முழங்கையில் இரண்டு. கண்ணே திறக்க முடியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அப்புறம் சாணத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பிழைத்துவிட்டது லெதாய். தெம்பு வந்துவிட்டது அதற்கு.

எனக்கு ஆறு பெட்டி வேண்டாம். ஒரு பெட்டியும் வேண்டாம். நீ வா. இருக்கிறதைப் பகிர்ந்து தின்போம், இல்லாவிட்டால் சேர்ந்தே நோன்பு பிடிப்போம். எப்படி வருவாய் என்று எனக்குத் தெரியாது, இங்கே யாரைக் கேட்டாலும் அவர்களுக்கும் தெரியவில்லை. உன்னை அனுப்பிய ஏஜென்டிடம் போனேன், கதவைத் திறக்கவில்லை. மறுபடி போவேன். களைப்பாகத்தான் இருக்கிறது, அதற்காக உட்கார்ந்துவிட மாட்டேன்.

நான் நான்கு கடிதமாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

*

பெய்ரூட்
நெஹாசே மாதம் 10

அக்கா,

நீ நலமாக இருக்கிறாய் என்று உன் கோபத்திலேயே தெரிகிறது. இமை வீக்கம் வற்றியிருக்கும்.

நான் கொட்டிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை மதாம் ரொட்டியை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று குறைகிறது என்றாள். நான் எடுக்கவில்லை, அவள் பிள்ளைதான் ராத்திரி தின்றான். பழைய நாளாக இருந்தால் பேசாமல் நின்றிருப்பேன். அன்றைக்கு என்னவோ, வயிற்றில் இரண்டு முட்டையும் கடலையும் இருந்தது.

"நான் எடுக்கல. எடுத்திருந்தாலும் தப்பில்ல. இந்த வீட்ல அந்த ரொட்டியை வாங்கி வந்து, சூடு பண்ணி, உங்க வாய் வரைக்கும் கொண்டு வர்றது நான். என் பாஸ்போர்ட்டைக் குடுங்க, ஊருக்குப் போறேன்" என்றேன்.

மதாம் எண்ணுவதை நிறுத்தினாள். "உனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருந்த?" என்றாள்.

"நல்லா இல்ல மதாம். பசியில இருந்தேன்."

இதை நான் சத்தமாகச் சொன்னேன் அக்கா. ஏழு மாடிக்கும் கேட்டிருக்கும். மேலே அல்கனேஷ் பால்கனிக் கதவைத் திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சமயம் எரிவாயு உருளை போடுகிற ஆள் வந்து வாசற்கதவைத் தட்டினான், மதாம் பூட்டைத் திறந்தாள். நான் அவனைத் தாண்டி இறங்கிவிட்டேன். காலில் குளியலறைச் செருப்பு. அல்கனேஷ் பின்னாலேயே என் போர்வையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

இப்போது கன்னியர் மடத்துக் கூடத்தில் இருக்கிறேன். நம் பெண்கள் பலர் இருக்கிறோம், வரிசையாகப் பாய். பாஸ்போர்ட் இன்னும் மதாமிடம்தான். சம்பளம் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. கன்னியர் பேசுகிறார்கள், ஆபீஸ் ஆபீசாகப் போகிறார்கள். எப்போது வருவேன் என்று கேட்காதே, யாருக்கும் தெரியாது. பயமும் இருக்கிறது, அசதியும் இருக்கிறது. ஒரு வாரம் தூங்கினாலும் தீராது போலிருக்கிறது.

மழை குறைந்ததும் வரப்போரம் பார்த்துவா. முதல் பூ கண்ணில் பட்ட அன்றே பாகை நிறுத்திவிடு. அதற்குமேல் ஊட்டினால் நம் தேன் கெட்டுப்போகும். அவை தாமே பார்த்துக்கொள்ளும்.

உன் கேள்விக்குப் பதில். காலையில் ரொட்டியும் தேநீரும். மத்தியானம் பருப்புக் குழம்பும் சோறும், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். இரவு மறுபடி அதே பருப்பு. உப்புப் போதவில்லை, சமைக்கிற கன்னிகையிடமே சொல்லிவிட்டேன்.

இது நெஹாசே மாதம், மாதாவின் நோன்பு. இங்கே எல்லாரும் பிடிக்கிறார்கள். நான் பிடிக்கவில்லை அக்கா. சாப்பிட்டேன்.

லெதாய்